கட்டிய வீட்டைக் காத்தல்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணஞ் செய்துபார்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இவ்விரு கருமங்களிலுமுள்ள செலவையும் அலைச்சலையும் பட்டறிந்தவர்கள் சொல்லிவைத்த சொல் அது. ஆயினும், கட்டிப்பார் என்று சொன்ன முன்னோர், கட்டிய வீட்டைக் காத்துப்பார் என்று சொல்லிவைக்கவில்லை. அதனைத் தனியே எடுத்துச் சொல்லவேண்டிய தேவை அக்காலத்தில் இருக்கவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். பனையோலையாலும் கிடுகாலும் வேய்ந்த கூரையைக் காலந் தவறாது பிரித்து வேய்ந்தாக வேண்டும். வேயாது விட்டால் ஐப்பசி மழை வீட்டுக்குள்ளேயே பெய்யும். கூரையைப் பிரிக்கும்போது, உள்ளேயிருக்கும் வளையையும் மரத்தையும் கறையான் அரித்திருந்தால் அது தானாகவே கண்ணிற் படும். மண்நிலத்தைச் சாணமிட்டு மெழுகாது விட்டால் அது வெடித்துப் புழுதியாகும். தைப்பொங்கல் வந்தால் வீடு முழுவதும் ஒதுக்கித் துடைத்து வெள்ளையடிக்கப்படும். அடுக்களையை வீட்டினின்றும் சற்று விலக்கி அமைத்தார்கள். ஓலைக் கூரைக்கு அடுப்பு நெருப்புப் பகை என்பதறிந்து செய்த ஏற்பாடு அது. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே கொணர்ந்தது. சுருங்கச் சொன்னால், பழைய வீடு தன் குறையை ஆண்டுதோறும் தானே வெளிக்காட்டியது. அதிற் குடியிருந்தவரும் கவனித்தே தீரவேண்டியிருந்தது.

இன்றைய கல்வீடு அவ்வாறன்று. மின்கம்பி சுவருக்குள்ளே செல்கிறது. நீர்க்குழாயும் சுவருக்குள்ளேதான் செல்கிறது. எரிவாயுச் சிலிண்டர் சமையல் மேசையின் கீழே மறைந்திருக்கிறது. சீமெந்தும் ஓடும் பல ஆண்டுகள் யாதொரு முறைப்பாடுமின்றி நிற்கின்றன. ஆகவே, கட்டி முடித்த அன்றோடு வீட்டு வேலை முடிந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையிலோ, அன்றுதான் பராமரிப்பு என்னும் வேலை ஆரம்பமாகிறது. 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் புதிதாக எழுந்த வீடுகளுட் பல இன்று பத்து வயதைக் கடந்துவிட்டன. அவ்வீடுகளிற் பூட்டிய ஆளிகளும் குதைகளும் குழாய்களும் இப்போது மூப்படையும் பருவத்தில் இருக்கின்றன.

"இதற்கெல்லாம் அரசாங்கத்தில் சட்டமில்லையா?" என்று சிலர் வினவலாம். சட்டம் இருக்கிறது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நூறாண்டைக் கடந்தது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் நகர அபிவிருத்தி அதிகாரசபை உருவாயிற்று. வீட்டு வரைபடத்துக்கு அனுமதி பெறுகிறோம். கட்டியபின் இணக்கச் சான்றிதழ் பெறுகிறோம். ஆனால் இவை யாவும் வீடு எழும்புங் காலத்துக்குரியவை. சான்றிதழைப் பெற்று அலுமாரியில் வைத்தபின், நுளம்பு பெருகுகின்றதா என்று பார்க்கவரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையன்றி, வேறு உத்தியோகத்தர் நம் வீட்டுள்ளே வருவது அரிது. பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் வீட்டின் உட்புறம் எந்த நிலையிலிருக்கிறது என்பதைச் சோதிக்கும் பரிசோதகர் வேறு எவருமில்லர். வீட்டிற் குடியிருக்கும் நாமே அவர்.

இப்பரிசோதனைக்கு இடையூறாக நிற்பது வறுமை மாத்திரமன்று. நம் வீட்டுள்ளே இரண்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்று, வருவோர் காணும் வீடு. விறாந்தையும் மண்டபமும் அதற்குள் அடங்கும். மற்றையது, நாம் வாழும் வீடு. குசினியும் குளியலறையும் படிக்கட்டும் பின்கதவும் அதற்குரியன. விபத்துக்கள் பெரும்பாலும் நிகழ்வது இரண்டாவது வீட்டில். பணம் பெரும்பாலுஞ் செலவாவதோ முதலாவது வீட்டில். மண்டபத்திலே தொங்கும் அலங்கார விளக்கைத் தெரிவதற்கு மூன்று கடைகள் ஏறி இறங்குகிறோம். அவ்விளக்குக்கு மின்னைக் கொண்டுவரும் கம்பியின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

முதலில் மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று மின்னழுத்தம். மின்மானிக்கு அருகிலுள்ள பெட்டியிலே ட்ரிப் சுவிட்ச் என்றொரு கருவி இருக்கும். உயிர்க்கம்பி வழியே சென்ற மின்னோட்டம் முழுவதும் நடுநிலைக் கம்பி வழியே திரும்பி வருகின்றதா என்று அது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். சென்றதற்கும் திரும்பியதற்கும் வேறுபாடு உண்டாயின், ஏதோவொரு வழியால், ஒருவேளை மனித உடம்பின் வழியால், மின் நிலத்துக்குப் பாய்கிறது என்பது பொருள். வேறுபாடு 30 மில்லியம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ, கண்ணிமைக்கும் நேரத்தில் அது மின்னைத் துண்டித்துவிடும். 30 மில்லியம்பியர் என்பது ஏறத்தாழ ஏழு வாட்டுச் சிறு மின்குமிழொன்று எடுக்கும் மின்னளவு. மனிதனைக் கொல்வதற்கு அதனிலும் மிகப் பெரிய மின்னோட்டம் வேண்டியதில்லை. 5 அம்பியர் உருகியோ, அதற்கு நிகரான சிறு துண்டிப்பானோ இவ்வளவு சிறிய கசிவை உணரமாட்டாது; அவை கம்பி எரிந்துபோகாமற் காப்பவை. உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்சே.

அக்கருவியின் முகத்திலே சிறு சோதனைப் பொத்தானொன்று உண்டு. அதனை அமுக்கினால் ஆளி உடனே கீழே விழவேண்டும். மாதத்துக்கு ஒருமுறையாயினும் அமுக்கிப் பார்த்தல் நன்று. நெடுநாள் அசையாதிருக்கும் பொறி, வேண்டும் நேரத்தில் அசையாது நின்றுவிடக்கூடும். சென்ற தவணையிலே, உயர்தர வகுப்பு மாணவரிடம், "உங்கள் வீட்டில் அந்தப் பொத்தானைக் கடைசியாக அமுக்கியவர் யார்? எப்போது?" என்று வினவினேன். மின்னோட்டத்தைப் பற்றிய சமன்பாடுகளைத் தடையின்றி எழுதவல்ல அவர்களிற் பெரும்பாலோர் மௌனமாயிருந்தனர். மறுநாள் ஒரு மாணவன் வந்து, "சேர், அமுக்கினேன், விழவில்லை" என்றான். எத்தனை காலமாக அவ்வீடு காவலின்றி இருந்தது என்பதை எவரும் அறியார். அந்த வாரமே அவன் தந்தையார் புதியதொன்றைப் பூட்டுவித்தார்.

பொத்தான் சரியாக இயங்கினால் எல்லாம் சரியென்று முடிவு செய்தலும் கூடாது. அது கருவியைச் சோதிக்குமேயன்றிப் புவித்தொடுப்பைச் சோதிக்காது. நிலத்திற் புதைத்த புவிக்கம்பி காலப்போக்கில் அரித்துப்போகலாம். நீண்ட கோடையில் நிலம் வரண்டால் அதன் தடை கூடும். இதனைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரொருவர் கருவி கொண்டு அளந்து சொல்லவேண்டும். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது, தொல்லையாயிருக்கிறது என்று அதனை விலக்கி நேரே இணைப்புக் கொடுக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. குரைக்கின்ற நாயைக் கொன்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போன்றது அது. அது விழுவதற்குக் காரணம் வீட்டில் எங்கோ கசிவு இருப்பது. அக்கசிவைத் தேடிப் பிடித்தலே முறை.

இன்னொரு வழக்கத்தையுங் கூறாதிருக்க முடியவில்லை. 13 அம்பியர்ச் சதுரமுள் செருகியே இன்று நம் நாட்டின் நியமம். அதன் மேல்முள் புவித்தொடுப்புக்குரியது. அம்முள் நுழைந்தாலன்றி மற்றைய இரு துளைகளின் மூடி திறவாது. குழந்தையின் விரலோ ஆணியோ உள்ளே செல்லாதிருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நாமோ, பேனா முனையையோ தீக்குச்சியையோ மேல்துளையிற் செருகி மூடியைத் திறந்து, இருமுள் செருகியை நுழைத்துவிடுகிறோம். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை நம்மிடமிருந்து கற்றுக்கொள்வது யாது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது எரிவாயு. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் சமையலறைகளில் எரிவாயு வெடிப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். காரணத்தை ஆராயக் குழு நியமிக்கப்பட்டது. வாயுக் கலவையின் விகிதத்தைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. அந்நாட்களில் வீட்டுக்கு வீடு சவர்க்கார நீர் கரைத்து, குழாயிலும் சீராக்கியிலும் பூசி, குமிழி எழும்புகிறதா என்று பார்த்தோம். அச்சம் தணிந்தவுடன் அவ்வழக்கமும் பல வீடுகளில் நின்றுபோயிற்று. றப்பர்க் குழாயோ அன்றிலிருந்து இன்றுவரை மேலும் முதுமையடைந்தே வருகின்றது.

சிறு உறுப்பொன்றின் குறை எவ்வளவு பெரிய கேட்டை விளைக்கும் என்பதற்கு இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். அங்கே ரோனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் குடியிருப்புக் கட்டப்பட்டு, மக்கள் குடிபுகுந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. 1968ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் அதிகாலையில், 18ஆம் மாடியிற் குடியிருந்த பெண்மணியொருவர் தேநீர் வைப்பதற்காக அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழித்தார். கசிந்து நிறைந்திருந்த வாயு வெடித்தது. சுவர் வெளியே தள்ளப்பட, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் மாண்டனர். கட்டடத்தின் அமைப்பிலேயே குறை இருந்தது உண்மை. ஆனால் வாயு கசிந்ததற்குக் காரணம், அடுப்பை வாயுக் குழாயோடு இணைத்திருந்த தரக்குறைவான ஒரு பித்தளைச் சுரை. உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு பொருளை எவரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

நம் வீடுகளிற் பாவிக்கும் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அது காற்றிலும் பாரமானது. கசிந்தால் மேலெழுந்து கலைந்துபோகாமல் நிலத்தில் நீர்போலத் தேங்கும். ஆகையால் உயரத்திலுள்ள சன்னலொன்று மாத்திரம் போதாது. கீழ்மட்டத்திலும் காற்று வெளியேற வழி இருத்தல் வேண்டும். மணம் வந்தால் விளக்கைப் போடவுங் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவுங் கூடாது. இரண்டிலும் பொறி எழும். சீராக்கியை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டிலுள்ளோரை வெளியே அழைத்துச் செல்லவேண்டும். இதனை அம்மா மாத்திரம் அறிந்திருந்தாற் போதாது; பாடசாலை விட்டு முதலில் வீடு வருகின்ற பிள்ளையும், கண் மங்கிய பாட்டியாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி நிலத்துக்கு வருவோம். முன்னர்ச் சீமெந்து நிலமிருந்த இடமெல்லாம் இன்று மாபிள் பதிக்கிறோம். முகம் தெரியும்படி மினுங்குவதே நல்ல மாபிள் என்பது பலருடைய எண்ணம். மண்டபத்துக்கு அது அழகு. நீர் சிந்துங் குளியலறைக்கோ அது ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுவதால் உயிரிழக்கின்றனர். வீதி விபத்துக்கு அடுத்தபடியாக, தற்செயற் காயங்களால் நேரும் மரணங்களுக்கு இதுவே காரணம். இவ்வாறு இறப்போருள் அறுபது வயதைக் கடந்தவரே மிகுதி. இடுப்பெலும்பு முறிந்த முதியவர் எழுந்து நடமாடுதல் எவ்வளவு அரிதென்பதைக் கண்டவர் அறிவர். குளியலறைக்குச் சொரசொரப்பான மாபிள், மலசலகூடத்தருகே உறுதியான கைபிடி, இரவில் வழிகாட்ட ஒரு சிறு விளக்கு, வெளியிலிருந்துந் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் ஆகிய நான்கும் பெருஞ்செலவுக்குரியன அல்ல. தாய் தந்தையரை அருமையாகப் பேணுகிறோம் என்று சொல்லும் நாம், அவர்கள் காலடி வைக்கும் இடத்தையும் பார்த்தல் வேண்டும்.

மாடி வீடாயின் படிக்கட்டையும் நோக்குக. படிகள் யாவும் ஒரே உயரமாயிருத்தல் வேண்டும். ஒரு படி மாத்திரம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால், பழகிய கால் அங்கே ஏமாறும். கைபிடியின் கம்பிகளுக்கிடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருப்பின், தவழுங் குழந்தை அதனூடே நழுவிவிடக்கூடும். அலங்காரத்துக்காகக் குறுக்குக் கம்பி வைத்தால், அது பிள்ளைக்கு ஏணியாகிவிடும்.

கள்வருக்கு அஞ்சிச் சன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி வைக்கிறோம். விறாந்தைக்கு இரும்புக் கதவிட்டு இரவில் ஆமைப்பூட்டுப் போடுகிறோம். கள்வன் உள்ளே வரமுடியாது என்பது சரி. நள்ளிரவில் நெருப்புப் பற்றினால் நாம் வெளியே போவது எவ்வாறு? திறப்பு அப்பாவின் தலையணையின் கீழே இருக்கும். அவர் அன்று கொழும்புக்குப் போயிருப்பார். திறப்புக்கு ஓர் இடம் இருத்தல் வேண்டும். கதவுக்கருகே, வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளேயிருப்போர் இருளிலும் தடவி எடுக்கக்கூடிய ஓர் ஆணி அதற்குப் போதும். ஒரு சன்னற் கம்பியையாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக அமைப்பித்தல் இன்னும் நன்று.

நீர் தேங்குவதும் உட்புறப் பராமரிப்பைச் சேர்ந்ததே. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டனர். வளவைத் துப்புரவாக்கிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருக்கிறோம். குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு, பூச்சாடி, எறும்பு ஏறாதிருக்க அலுமாரிக் காலின் கீழ் வைத்த நீர்க்கிண்ணம் ஆகியவற்றை மறந்துவிடுகிறோம். நுளம்பு முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆகையால் நீரை ஊற்றிவிட்டாற் போதாது. வாரமொருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். அவ்வாறே, மண்ணெண்ணெயையும் பூச்சிநாசினியையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். தாகமெடுத்த பிள்ளை போத்தலின் உருவத்தைப் பார்க்குமேயன்றி உள்ளேயிருப்பதை ஆராயாது.

இவ்விடத்தில் வீட்டுச் சொந்தக்காரருக்கும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மாணவர்களும் உத்தியோகத்தரும் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். முற்பணம் வாங்குமுன் சுவருக்கு வர்ணம் பூசுகிறோம். அது கண்ணுக்குத் தெரியும். அவ்வறையிலுள்ள ஒரேயொரு குதையில் மூன்று பேருடைய மின்கேத்தலும் அழுத்தியும் தொலைபேசியும் தொங்குவதைக் கவனிப்பதில்லை. வாடகைக்கு இருப்பவன், "கேட்டால் எழும்பச் சொல்வாரோ" என்று அஞ்சிப் பேசாதிருப்பான். வேற்றூரிலிருந்து நம்மை நம்பிப் பிள்ளையை விட்டுச்சென்ற பெற்றோர், நம் வீட்டுச் சுவருக்குள்ளே இருக்கும் கம்பியையும் நம்பியே விட்டுச்சென்றார்கள். நம் சொந்தப் பிள்ளையை அவ்வறையில் ஒரு மழைக்கால இரவு தனியே தூங்க விடுவோமா? விடுவோமாயின் அவ்வறையை வாடகைக்குக் கொடுக்கலாம். அதற்கு மேலான நியமம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

இவற்றையெல்லாம் ஒரே நாளிற் செய்துவிட எவராலும் முடியாது. செலவையுங் கருதவேண்டும். ஆனால் மேலே கூறியவற்றுட் பல, பணத்தைக் கேட்பன அல்ல. அரைமணி நேரத்தைக் கேட்பன. நம் முன்னோர் வீட்டுப் பராமரிப்பைப் பண்டிகையோடு சேர்த்து வைத்தமையால் அது மறந்துபோகவில்லை. நாமும் அவ்வாறே செய்யலாம். தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும் நாளிலே, ஒட்டறை அடிக்கும் தடியோடு ஒரு கொப்பியையும் கையில் எடுங்கள். நத்தாருக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வீடு ஒழுங்குசெய்வோரும் அந்நாட்களில் இதனைச் செய்யலாம். மின்பெட்டி, எரிவாயுக் குழாய், குளியலறை, படிக்கட்டு, கதவுத் திறப்பு, தேங்கும் நீர் என்று ஆறு தலைப்புக்கள் இட்டு, ஒவ்வோரறையாகச் சென்று கண்டதை எழுதுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். நாம் காணாததை அவர்கள் காண்பார்கள். எழுதியவற்றுள் உயிருக்கு ஊறு விளைக்கக்கூடியதை முதலில் திருத்துங்கள். அழகுக்குரியது அடுத்த பொங்கல்வரை காத்திருக்கலாம்.

ஆயினும் ஒன்றுக்கு மாத்திரம் தை பிறக்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாவரும் கூடியிருக்கும் நாள். கணினி முதலியவற்றை நிறுத்திவிட்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மின்பெட்டிக்கு அருகே சென்று, அந்தச் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். ஆளி விழுந்தால் மகிழ்ச்சி. விழாவிடின், நாளைக் காலையில் முதல் வேலையாக மின்னிணைப்பாளரை அழையுங்கள்.